வைரஸும் இல்லை, ஹேக்கரும் இல்லை... ஒரு 'செட்டிங்' மாறினால் உலகமே ஏன் நிற்கிறது?

2025 அக்டோபர் 20, தீபாவளி. இந்திய நேரப்படி மதியம் 12.18 மணியிலிருந்து உலகம் முழுக்க ஆப்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஸ்னாப்சாட், சிக்னல், டுவோலிங்கோ, ஃபோர்ட்நைட் என்று பட்டியல் நீண்டது. அலெக்ஸாவிடம் கேட்டால் பதில் இல்லை. காரணம் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கிளவுட் மையம். எல்லாம் முழுதாகச் சரியாக மறுநாள் அதிகாலை 3 மணி வாக்கில் ஆனது.

அடுத்த 9 நாளில் மைக்ரோசாஃப்ட்டின் அஷூர். நவம்பர் 18-ல் கிளவுட்ஃப்ளேர். டிசம்பர் 5-ல் மறுபடியும் கிளவுட்ஃப்ளேர். அந்த முறை பங்குச்சந்தை நேரத்தில் ஸெரோதா, குரோவ் போன்ற ஆப்கள் திறக்காமல் இந்தியாவில் பலர் தவித்தார்கள்.

இந்த நான்கிலும் ஒரு ஒற்றுமை. சைபர் தாக்குதல் கிடையாது. கேபிள் அறுபடவில்லை. சர்வர் தீப்பிடிக்கவில்லை. ஏதோ ஒரு இடத்தில் ஒரு 'கான்ஃபிகரேஷன்', அதாவது அமைப்பு விவரம், தப்பாகப் போனது. அவ்ளோதான்.

தவறு நடக்காமல் இருக்கவே இதற்கென்று தனியாக மென்பொருள்கள் இருக்கின்றன. அப்புறம் ஏன் இப்படி? விரிவாகப் பார்ப்போம்.

கான்ஃபிகரேஷன் என்றால் என்ன?

உங்கள் போனில் 'செட்டிங்ஸ்' இருக்கிறது இல்லையா, அதேதான். எந்த வைஃபையில் சேர வேண்டும், எந்த ஆப்புக்கு கேமரா அனுமதி உண்டு, திரை எத்தனை நொடியில் அணைய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆப் மாறாது, அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் மாறும்.

ஒரு கிளவுட் சர்வருக்கும் இப்படி நூற்றுக்கணக்கான செட்டிங்குகள் உண்டு. எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும், யார் உள்ளே வரலாம், எந்த டேட்டாபேஸுடன் பேச வேண்டும், எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொள்ளலாம்... இப்படி.

ஒரு சர்வர் என்றால் ஒருவர் உட்கார்ந்து கையால் மாற்றிவிடலாம். ஆயிரம் சர்வர் என்றால்?

இந்த டூல்கள் எதற்கு வந்தன?

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். 50 பேர் பந்திக்கு மாஸ்டரின் கைப்பக்குவம் போதும். ஒரே நாளில் 100 மண்டபத்தில் ஒரே சாம்பார் வைக்க வேண்டும் என்றால், அவர் மனக்கணக்கு உதவாது. அளவை எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் மென்பொருள் செய்வது இதைத்தான். 'சர்வர் இப்படி இருக்க வேண்டும்' என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டால், அந்த மென்பொருள் எல்லா சர்வரையும் அதேபோல ஆக்கிவிடும். 1993-ல் மார்க் பர்ஜஸ் உருவாக்கிய சிஎஃப்இன்ஜின் இந்த வகையில் முன்னோடி. பிறகு 2005-ல் பப்பெட், 2009-ல் செஃப், 2012-ல் ஆன்சிபிள் வந்தன. செஃப் மென்பொருளில் அந்தக் கோப்புகளுக்குப் பெயரே 'ரெசிபி', அவற்றின் தொகுப்புக்குப் பெயர் 'குக்புக்'.

சர்வரே இல்லாத இடத்தில் கிளவுடில் புதிதாக சர்வர், நெட்வொர்க், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் உருவாக்கும் வேலைக்கு 2014-ல் டெராஃபார்ம் வந்தது. இன்று பல நிறுவனங்களில் டெராஃபார்ம் வீட்டைக் கட்டும். ஆன்சிபிள் உள்ளே சாமான்களை அடுக்கும்.

பயன்படுத்துபவர்களின் அனுபவம் என்ன?

நல்லது நிறைய இருக்கிறது. ஒரு வாரம் பிடித்த வேலை அரை மணி நேரத்தில் முடிகிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதற்குப் பதிவு இருக்கிறது. வேலையை விட்டுப் போனவரின் மூளைக்குள் இருந்த ரகசியம், கோப்புக்கு வந்துவிட்டது. ஒரே கோப்பை 10 முறை ஓட்டினாலும் 10 சர்வர் முளைக்காது. ஏற்கெனவே சரியாக இருந்தால் டூல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். முறையாக எழுதினால் மட்டும் கிடைக்கும் குணம் இது.

ஆனால் இந்த டூல்களோடு தினமும் மல்லுக்கட்டுபவர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் சிக்கல்களும் உண்டு.

1. 'அவசரத்துக்கு நான்தான் கையால மாத்தினேன்'

ராத்திரி 2 மணிக்கு சைட் விழுந்துவிட்டது. கோப்பைத் திருத்தி, அனுமதி வாங்கி, ஓட்ட நேரமில்லை. ஒருவர் கிளவுட் பக்கத்தில் நேராகப் போய் ஒரு பட்டனைத் தட்டிச் சரிசெய்கிறார். சைட் வந்துவிட்டது. கோப்பில் எழுத மறந்துவிட்டார்.

இப்போது கோப்பு ஒன்று சொல்கிறது. சர்வர் வேறு மாதிரி இருக்கிறது. இதற்குப் பெயர் 'டிரிஃப்ட்', அதாவது மெல்ல விலகிப் போவது. சில வாரம் கழித்து இன்னொருவர் டூலை ஓட்டும்போது, அது 'இது தப்பு' என்று பழைய நிலைக்கே திருப்பிவிடும். பப்பெட் போன்ற டூல்கள் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பவை. அங்கே கையால் செய்த திருத்தத்தின் ஆயுள் அதிகபட்சம் அரை மணி நேரம்தான்.

2. நார்வே காணாமல் போன கதை

ஆன்சிபிள் உள்படப் பல டூல்கள் 'யாமல்' என்ற வடிவத்தில் எழுதப்படும் கோப்புகளைப் படிக்கின்றன. பார்க்க எளிமை. ஆனால் வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ அர்த்தமே மாறும்.

நாடுகளின் பட்டியலில் நார்வேக்கு ஆங்கிலத்தில் 'என்ஓ' என்ற இரண்டு எழுத்துக் குறியீடு. பழைய யாமல் விதிப்படி அது 'நோ', அதாவது 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளப்படும். மேற்கோள்குறி போடாமல் விட்டால் ஒரு நாடே 'பொய்' என்ற மதிப்பாகிவிடும். இதை 'நார்வே பிரச்சினை' என்றே புரோகிராமர்கள் அழைக்கிறார்கள். அதேபோல 3.10 என்று வெர்ஷன் எழுதினால், கடைசி பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று 3.1 ஆக்கிவிடும். இரண்டும் வேறு வேறு வெர்ஷன்!

3. 'பிளான்' படிக்காமல் 'அப்ளை'

டெராஃபார்மில் நல்ல வசதி ஒன்று உண்டு. மாற்றத்தைச் செய்யும் முன், 'இதைச் சேர்ப்பேன், இதை மாற்றுவேன், இதை அழிப்பேன்' என்று பட்டியல் காட்டும். பட்டியல் 5 வரி என்றால் எல்லாரும் படிப்பார்கள். 500 வரி என்றால்? நடுவில் ஒரு டேட்டாபேஸுக்கு எதிரே 'அழிப்பேன்' என்று இருப்பது கண்ணில் படாமலே 'ஓகே' கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. சில செட்டிங்குகளை மாற்ற வேண்டுமென்றால், பழையதை அழித்துப் புதிதாகக் கட்டுவதுதான் டூலுக்குத் தெரிந்த ஒரே வழி என்பது பலருக்கு அனுபவத்தில்தான் புரிகிறது.

4. நினைவுக் கோப்பு

தான் எதையெல்லாம் கட்டினேன் என்பதை டெராஃபார்ம் ஒரு 'ஸ்டேட்' கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அது தொலைந்தால் டூலுக்கு மறதி நோய் வந்த மாதிரி. தான் கட்டிய வீட்டையே அடையாளம் தெரியாது. அதோடு, பாஸ்வேர்டுகள்கூட அந்தக் கோப்பில் அப்படியே படிக்கும்படி கிடக்கக்கூடும். அதனால் அதை எங்கே வைப்பது, யார் பார்க்கலாம் என்பதே தனித் தலைவலி.

இவை நிறுவனங்களுக்குள் நடக்கும் சின்னச் சண்டைகள். உலகம் நிற்பது வேறு அளவில்.

நான்கு சம்பவங்கள்: எங்கே தப்பானது?

அமேசான், அக்டோபர் 20, 2025: டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் இணைய முகவரிப் பட்டியலை மனிதர்கள் தொடுவதில்லை, தானியங்கி மென்பொருளே பராமரிக்கிறது. ஒரு பகுதி திட்டம் போடும். அதை அமல்படுத்தத் தனித்தனியாக மூன்று 'ஆட்கள்'. அதில் ஒன்று வழக்கத்தைவிட மிகத் தாமதமானது. அதற்குள் இன்னொன்று புதிய திட்டத்தைப் போட்டுவிட்டது. தாமதமானது வந்து அதன்மேல் பழைய திட்டத்தைப் போட்டது. அதே நேரத்தில், 'பழைய திட்டங்களைச் சுத்தம் செய்' என்ற வேலையும் ஓடியது. பயன்பாட்டில் இருந்த திட்டமே அழிந்து, முகவரிப் பட்டியல் காலியானது. தானாகச் சரியாக வழியில்லை. மனிதர்கள் வந்து கையால்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

மைக்ரோசாஃப்ட், அக்டோபர் 29, 2025: அஷூர் ஃப்ரன்ட் டோர் என்பது இணையப் போக்குவரத்தைப் பிரித்து அனுப்பும் வாசல். அதில் கவனக்குறைவாக நடந்த ஒரு கான்ஃபிகரேஷன் மாற்றம், 8 மணி நேரத்துக்கும் மேல் பாதிப்பை உண்டாக்கியது. மைக்ரோசாஃப்ட் 365, எக்ஸ்பாக்ஸ், மைன்கிராஃப்ட், அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ் என்று பலரும் சிக்கினார்கள். கடைசியாகச் சரியாக இருந்த பழைய செட்டிங்குக்குத் திரும்பித்தான் மீண்டார்கள்.

கிளவுட்ஃப்ளேர், நவம்பர் 18, 2025: டேட்டாபேஸ் ஒன்றில் அனுமதி விவரத்தை மாற்றினார்கள். அதன் விளைவாக, ரோபோ வருகைகளைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு கோப்பில் ஒரே தகவல் இரண்டு முறை ஏறி, அளவு பெருத்துவிட்டது. அதைப் படிக்கும் மென்பொருளில் 200 அம்சங்கள்தான் உச்ச வரம்பு. தாண்டியதும் மென்பொருள் விழுந்தது. அந்தக் கோப்பு 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகத் தயாராகி உலகம் முழுக்கப் போகும். ஒருமுறை நல்ல கோப்பு, ஒருமுறை கெட்ட கோப்பு என்று மாறி மாறிப் போனதால் சேவை விழுவதும் எழுவதுமாக இருந்தது. முதலில் இதைத் தாக்குதல் என்றே அவர்கள் சந்தேகித்தார்கள். எக்ஸ், சாட்ஜிபிடி இரண்டும் அன்று தடுமாறின. சேவை முடங்கினால் போய்ப் பார்க்கும் டவுன்டிடெக்டர் தளமும் சேர்ந்து தடுமாறியது.

கிளவுட்ஃப்ளேர், டிசம்பர் 5, 2025: மதியம் 2.17 முதல் 25 நிமிடம். ரியாக்ட் என்ற மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டையிலிருந்து வாடிக்கையாளர்களைக் காப்பாற்றச் செய்த மாற்றம் அது. அந்த நேரத்தில் அதன் இணையப் போக்குவரத்தில் சுமார் 28% பாதிக்கப்பட்டது. காப்பாற்றப் போன கையே கதவைச் சாத்தியது.

ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதால்...

இதிலெல்லாம் ஆப் சில மணி நேரம் திறக்கவில்லை, அவ்வளவுதானே என்று தோன்றலாம். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு ரகம்.

யூனிசூப்பர் என்பது 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஓய்வுக்காலப் பணத்தை நிர்வகிக்கும் நிதி அமைப்பு. அதன் கணினிகள் கூகுள் கிளவுடில் இருந்தன. அந்தத் தனிக் கிளவுடை முதலில் அமைத்தபோது, கூகுள் ஊழியர்கள் உள்ளகக் கருவி ஒன்றில் ஒரு விவரத்தை நிரப்பாமல் காலியாக விட்டுவிட்டார்கள். காலியாக விட்டால் 'ஒரு வருடக் காலம் மட்டும்' என்று அந்தக் கருவி தானாக எடுத்துக்கொள்ளும் என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வருடம் எல்லாம் நன்றாக ஓடியது. கெடு முடிந்த நாளில், அந்தக் கிளவுடே தானாக அழிந்துபோனது. வாடிக்கையாளர் அழிக்கச் சொல்லவில்லை என்பதால் எச்சரிக்கைச் செய்தியும் போகவில்லை.

கிட்டத்தட்ட ஒரு வாரம் உறுப்பினர்களால் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. பணம் பத்திரமாக இருந்தது. ஆனால், கணக்கைத் திறக்க முடியாத ஓய்வூதியர்களுக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும்? யூனிசூப்பர் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குக் கை கொடுத்தது.

கவனிக்க வேண்டியது இதைத்தான்: தவறு நடந்தது ஒரு நாள், வெடித்தது ஒரு வருடம் கழித்து. 2025 ஜூன் 12-ல் கூகுள் கிளவுட் விழுந்ததும் இதே மாதிரிதான். மே 29-ல் சேர்த்த ஒரு புதிய வசதி, வெற்று விவரங்களோடு வந்த ஒரு விதியைப் பார்த்ததும் தடுக்கி விழுந்தது. அந்த விதி சில நொடிகளில் உலகம் முழுக்கப் பரவியிருந்தது.

வேகம்தான் வரம், வேகம்தான் சாபம்

முன்பு ஒருவர் தப்பு செய்தால் ஒரு சர்வர் விழும். பக்கத்து சர்வர் தாங்கிக்கொள்ளும். இன்று ஒரு கோப்பில் தப்பு செய்தால், டூல் அந்தத் தப்பை எல்லா சர்வருக்கும் மிகச் சரியாக, மிக வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தப்பைக் குறைத்திருக்கிறோம், ஒவ்வொரு தப்பின் வீச்சும் பெருகிவிட்டது.

'அப்போ மெதுவா அனுப்ப வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். புதிய தாக்குதல் ஒன்று பரவும்போது பாதுகாப்பு விதியை உடனே எல்லா இடத்துக்கும் அனுப்பியாக வேண்டும். ஒரு நாள் காத்திருந்தால் அதற்குள் திருடன் வந்துவிடுவான். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய அப்டேட்டும் இந்த ரகம்தான். 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தது நினைவிருக்கலாம்.

இன்னொரு விஷயம். மென்பொருளின் நிரலை மாற்றினால் சோதனை, ஒப்புதல், படிப்படியான வெளியீடு என்று பல வாசல்களைத் தாண்ட வேண்டும். 'செட்டிங்தானே' என்றால் பல இடங்களில் அந்தக் கெடுபிடி தளர்ந்துவிடும். செட்டிங் மாற்றமும் நிரல் மாற்றம் அளவுக்கே ஆபத்தானது என்பதுதான் இந்த விபத்துகள் காட்டும் பாடம்.

சாவிக்கொத்து ஒரே கையில்

எல்லா சர்வரையும் ஒரே டூல் ஆள்கிறது என்றால், அந்த டூலைப் பிடித்தவன் எல்லாவற்றையும் பிடித்தவன். 2020-ல் சால்ட் என்ற டூலில், ஆபத்தின் அளவுகோலில் 10-க்கு 10 வாங்கிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தம் வெளியான சில நாட்களுக்குள், அதைப் போட்டுக்கொள்ளாத இடங்களில் தாக்குதல் நடந்தது. கோஸ்ட் என்ற வலைப்பதிவுத் தளத்தின் சர்வர்களில் கிரிப்டோ கரன்சி தோண்டும் நிரலை இறக்கிவிட்டார்கள். நிர்வாகத்துக்கு வைத்த டூலே ஊருக்குள் வழி காட்டியது.

டூலே கைமாறினால்?

பயன்படுத்துபவர்களின் மற்றொரு கவலை இது. இந்த டூல்கள் பெரும்பாலும் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸாகத் தொடங்கியவை. ஆன்சிபிளை 2015-ல் ரெட் ஹேட் வாங்கியது. ரெட் ஹேட்டை 2019-ல் ஐபிஎம் வாங்கியது. 2020-ல் செஃப் புரோகிரஸ் நிறுவனத்திடமும், சால்ட் விஎம்வேரிடமும் போயின. 2022-ல் பப்பெட்டை பெர்ஃபோர்ஸ் வாங்கியது.

2023 ஆகஸ்ட்டில் டெராஃபார்மின் தாய் நிறுவனமான ஹாஷிகார்ப் தன் உரிம விதியை மாற்றி, போட்டி நிறுவனங்கள் அதை வைத்துத் தொழில் செய்யக் கட்டுப்பாடு போட்டது. கோபமடைந்தவர்கள் பழைய பதிப்பை எடுத்து 'ஓப்பன்டோஃபு' என்ற தனிக்குடித்தனம் தொடங்கினார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதற்கு இடம் கொடுத்தது. 2025 பிப்ரவரியில் ஹாஷிகார்ப்பும் ஐபிஎம் வசமானது. பல வருடம் எழுதிச் சேர்த்த ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரு நிறுவனத்தின் முடிவுக்காக இன்னொரு டூலுக்கு மாற்றுவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா என்பது இன்றும் பல அலுவலகங்களில் முடியாத பேச்சு.

தீர்வு என்ன?

'இனிமேல் கவனமா இருங்கப்பா' என்பது தீர்வு ஆகாது. கவனமானவர்களும் தூங்குவார்கள், அவசரப்படுவார்கள். துறையில் ஒத்துக்கொள்ளப்பட்ட வழிகள் சில:

- சிறிதாகத் தொடங்குவது: முதலில் சில சர்வர்களுக்கு மட்டும் அனுப்பி, பிரச்சினை இல்லை என்று பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்புவது. அடுப்பிலிருந்து இறக்கும் முன் ஒரு கரண்டி ருசி பார்ப்பது மாதிரி.
- தானாகத் திரும்புவது: கோளாறு தெரிந்தால் யாரையும் எழுப்பாமல் பழைய செட்டிங்குக்கே போவது.
- விழாமல் தாங்குவது: புதிய கோப்பு தப்பாக இருந்தால் மென்பொருள் செத்து விழக் கூடாது, பழைய கோப்பை வைத்து ஓட்ட வேண்டும்.
- வெற்றிடத்தை ஏற்காமல் இருப்பது: நிரப்பாத கட்டத்துக்குத் தானாக ஒரு அர்த்தம் கற்பிக்காமல், 'நிரப்பு' என்று கேட்பது.
- அழிக்கும் முன் தாமதம்: எதையும் உடனே நிரந்தரமாக அழிக்காமல் சில நாள் மீட்கும்படி வைத்திருப்பது.

இரண்டு முறை அடிபட்ட கிளவுட்ஃப்ளேர், 2025 டிசம்பரில் இதை அவசரநிலைத் திட்டமாகவே அறிவித்தது. 'விழுந்தாலும் சின்னதாக விழு' என்ற பொருள்படும் பெயர் அதற்கு. இனி செட்டிங் மாற்றங்களையும் நிரல் மாற்றங்களைப் போலப் படிப்படியாகவே அனுப்பப் போவதாகச் சொல்லியிருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

மளிகைக் கடை க்யூஆர் முதல் வங்கி ஆப் வரை எங்கோ ஒரு கிளவுடில் நிற்கிறது. போட்டி நிறுவனங்களின் ஆப்கள்கூட ஒரே கிளவுட்காரரின் ஒரே வாசலில் நிற்கலாம். 'அது இல்லேன்னா இது' என்று இரண்டு ஆப் வைத்திருப்பவருக்கும் இரண்டும் ஒன்றாக விழ வாய்ப்புண்டு. டிசம்பர் 5-ல் பங்கு வணிகர்கள் பார்த்தது இதைத்தான்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட விதிகள், ஐடி வேலையை வெளியே கொடுத்தாலும் வாடிக்கையாளருக்கான பொறுப்பு வங்கியுடையதுதான் என்கின்றன. கிளவுட் நிறுவனத்தை விட்டு வெளியேறும் திட்டமும் கையில் இருக்க வேண்டும். காகிதத்தில் இருக்கும் அந்தத் திட்டத்தை எத்தனை பேர் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தனிநபராகச் செய்யக்கூடியவை குறைவு. ஆனாலும் சில உண்டு:

- கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.
- முக்கிய ஆவணங்கள், போட்டோக்களுக்கு கிளவுட் தவிர இன்னொரு பிரதியும் இருக்கட்டும்.
- வங்கி, தரகு நிறுவனத்தின் ஆப் விழுந்தால் போன் மூலம் செய்யும் வழி உண்டா என்று முன்பே கேட்டு வையுங்கள்.
- பணம் போகும் நேரத்தில் ஆப் நின்றால், உடனே மறுபடி அனுப்பாதீர்கள். முதல் பணம் போனதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அடுத்த முறை ஆப் திறக்காதபோது 'ஹேக் பண்ணிட்டாங்களாம்' என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் வந்தால் நம்பிவிடாதீர்கள். எங்கோ ஒரு கோப்பில், யாரோ நிரப்பாமல் விட்ட ஒரு கட்டமாகவும் இருக்கலாம்.